பதினாலாம் நம்பர் அடுப்பு

கைநாட்டு தானே ஐயரே, வெக்கிறேன். நான் எங்க ஓடிப் பூடப் போறேன்? அந்த மைப் பொட்டிய மூடி வையுங்க, இந்த வெயில்ல காஞ்சிப் பூடும். எனக்குப் பின்னால யாருன்னா நிக்கிறாங்களா பாருங்க. எல்லாரும் காத்தாலயே வந்து அவுங்கவுங்க குடிசைக்கு மூங்கிய ஏத்திக்கினு பூட்டாங்க. நான் ஒருத்தி தான் பாக்கி. இன்னிக்கு தான் கடைசி நாளு, அஞ்சு மணிக்கு பொஸ்தகத்த மூடிடுவீங்க, எல்லாம் தெரியும். தண்டோராக்காரன் எங்க சேரில மூணு வாட்டி அடிச்சிட்டுப் போனான். கைநாட்டு வெச்சா வெச்சது தான், எதுன்னா தப்பா எயுதிக் கீதுன்னா அதுக்கு முன்னாலயே சொல்லி மாத்திக்கணும்னு அவன் கத்துனதும் காதுல உயுந்துச்சு.

ஆமா, காளவாமேட்டுக்காரி தான். ஜட்கா ஓட்டற கலீமுல்லா பொண்டாட்டி, ஜைதூன் பீ. லஸ் முக்குல காத்தால ஆப்பம் விப்பேனே, அந்தப் பக்கம் போனா நீங்களும் பாத்துருப்பீங்க. பாத்துருக்க மாட்டீங்க, ஐயருங்க எங்க ஆப்பம் துன்னப் போறீங்க. நம்பர் பதினாலு. தோ, நம்பர் அடிச்ச தகரம் கைல தான் கீது. குடுக்கறேன், இருங்க. இருவது மூங்கி, நூறு கீத்து, ரெண்டு கட்டு கயிறு, பத்தடிக்கு எட்டடி எடம். நம்பர் இருந்தா இது அத்தினியும் உண்டு. நம்பர் இல்லேன்னா ஒரு மண்ணும் இல்ல, மேட்டுல கால வெக்கக் கூடாது, போலீசு வரும்.

நீங்க இந்த ஆபீசுக்குப் புச்சு போல கீது. அந்த நம்பர எப்டிக் குடுத்தாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாதா. எங்க தெரியும், உங்க கிட்ட பொஸ்தகம் தான வந்துச்சு. குந்திக்கினு கேளுங்க. நானும் இப்டிக் கீய குந்திக்கறேன். காலு கடுக்குது.

பத்து நாளைக்கு முன்னால வெள்ளிக்கியம, ஆம்பளைங்க ஜும்மா தொயுவப் போயிருந்த நேரம். சுண்ணாம்புக் காளவாலேந்து பொறி பறந்துச்சா, எவன்னா பீடியக் கெடாசிட்டுப் போனானா, இது வரைக்கும் ஒருத்தனுக்கும் தெரியாது. சித்திர வெயிலு, மேக்கால காத்து. அறுபது குடிசயும் அர மணி நேரத்துல பூட்டுச்சு. கீத்துக் குடிச எரிஞ்சா இன்னா மிஞ்சும்? செவுரா, கதவா? கறுப்பா தர கீது, அங்கங்க மண்ணு அடுப்பு நிக்கிது, அவ்ளோ தான். தெனம் எரிஞ்சி செவந்து போன மண்ணு, அதுக்கு நெருப்பு இன்னா புச்சா?

அத்தப் பாத்துட்டு உங்க ஆபீசுல எந்த மகராசனோ ஃபேனுக்குக் கீய குந்திக்கினு ரோசன பண்ணிக்கீறான். எத்தினி அடுப்பு நிக்கிதோ அத்தினி குடும்பம். சனங்க வாயி பொய் சொல்லுமாம், அடுப்பு பொய் சொல்லாதாம். இத்த யாரு சொன்னது தெரியுமா? எண்ண வந்த ஓவர்சீரே சொன்னாரு. பெருமையா சொல்றாரு ஐயரே, எதையோ கண்டுபுடிச்சிட்டாப்ல.

மறா நாளு சனிக்கியம வந்தாரு அவரு. சாம்பல் இன்னும் கால சுடுது, பொம்பளைங்க தலைல கைய வெச்சிக்கினு குந்தினு கீறாங்க. மூக்குல செண்டு போட்ட துணிய வெச்சிக்கினு எறங்குறாரு. பின்னால ஒருத்தன் சுண்ணாம்பு டப்பாவும் மட்டையும் தூக்கினு வர்றான். இவரு கைப்பிரம்பால ஒரு அடுப்பத் தட்டுவாரு, யாருதுன்னு கேப்பாரு, அவன் சுண்ணாம்புல நம்பர் போடுவான், இவரு பேர எயுதிக்குவாரு. ஒருத்தியப் பாத்து, நீ சாப்டியாம்மான்னு ஒரு வார்த்த கேக்கல. உள்ள யாருன்னா பூட்டாங்களான்னு கேக்கல. தட்றது, யாருது, போடு. தட்றது, யாருது, போடு. ஆட்ட எண்றவன் கூட அதும் முதுகத் தடவிப் பாப்பான். த்தூ.

அடுப்பு பொய் சொல்லாதாமே. வேலுன்னு ஒருத்தன் கீறான், எங்க சேரிக் கோடில, கால்வாப் படகுல உப்பு மூட்ட எறக்கறவன். அவனுக்கு ஒரே பொண்டாட்டி, ஒரே அடுப்பு. ஓவர்சீரு மேல்கோடில எண்ணிக்கினு கீறப்பவே இவன் கால்வாச் சேத்த அள்ளியாந்து ரெண்டு அடுப்பு போட்டு, உள்ள வைக்கலப் போட்டுக் கொளுத்தி, மேல சாம்பலப் பூசி உட்டான். ஒண்ணு மச்சானுதாம், ஒண்ணு மாமியாருதாம். மாமியா செத்து நாலு வருசம் ஆவுது, ஐயரே. நான் கூடத் தான் அயுதுட்டு வந்தேன். அவளுக்கு நம்பர் கீது. உங்க பொஸ்தகத்துல அறுபத்தி ஒண்ணு, பாருங்க. செத்தவளுக்கு பத்தடிக்கு எட்டடி குடுத்தீங்க, அங்க இப்ப டீக்கட போடறான்.

சிரிக்காதீங்க. எனக்கு வவுறு எரியுது.

அப்பால திங்கக்கியம கவுன்சிலர் வந்தாரு. சாம்பல் ஜோட்டுல ஒட்டுமுன்னு நாக்காலி கொண்டாந்து போட்டாங்க, அது மேல ஏறி நின்னுக்கினு பேசுறாரு. நாங்க அடுப்ப அசால்ட்டா உட்டதால தான் இந்தக் கதியாம், இனிமே வரிசையா குடிச போடணுமாம், பொம்பளைங்க சுத்தமா கீணுமாம். ஆளுக்கொரு பன்னு குடுத்தாங்க. போட்டோ புடிக்கிறவன் வந்தான். கவுன்சிலர் ஒரு கொயந்தயக் கேட்டு வாங்கி இடுப்புல வெச்சினு சிரிச்சாரு. புடிச்சி முடிச்சதும் கொயந்தய எவ கைலயோ திணிச்சிட்டு, வேட்டில கரி பட்டுதான்னு ரெண்டு வாட்டி குனிஞ்சி பாத்தாரு. பேப்பர்ல வந்துச்சாம் அந்தப் போட்டோ, இத்தினி பேருக்கு வாழ்வு குடுத்துட்டாங்கன்னு. அந்தக் கொயந்த யாருது தெரியுமா? சல்மா, ரெண்டு வயசு. அந்தக் கொயந்தைக்கும் அது ஆத்தாக்காரிக்கும் தான் நீங்க நம்பரே குடுக்கல.

பொஸ்தகத்துல பாருங்க. பதினாலு என் ஊட்டுக்காரரு பேரு. பதினஞ்சு கொட ரிப்பேரு பண்ற அக்பர் பாஷா. சரியா? பதினாலுக்கும் பதினஞ்சுக்கும் நடுவுல ஒரு ஊடு இருந்துச்சு. இல்லன்னு சொல்லாதீங்க, பொஸ்தகத்துல தான் இல்ல. மேட்டுல வந்து பாருங்க, அந்த எடம் காலியா கீது. இப்ப என் ஊட்டுக்காரரு குதிரயக் கட்டி வெச்சிகீறாரு அங்க.

என் கொயுந்தன் வலியுல்லாவோட ஊடு அது. அவன் ரெண்டர வருசத்துக்கு முன்னால ரங்கூனுக்குக் கப்பலேறிப் பூட்டான், மூணு கடுதாசி வந்துச்சு, அப்பால ஒண்ணும் காணோம். இங்க அவன் பொண்டாட்டி கமர் ஜஹானும் ரெண்டு பொண்ணுங்களும் தான். பெரியது பாத்திமா, சின்னது சல்மா. சல்மாவ அவன் கண்ணால பாக்கல, வவுத்துல விட்டுட்டுப் போனது.

அவ அடுப்பு எங்கயா? ஒடஞ்சி பூட்டுச்சு. யாரு ஒடச்சதா? சொல்றேன், இருங்க. முதல்ல இத்தக் கேளுங்க.

முன்ன ஒரே ஊடு தான் ஐயரே, ஒரே அடுப்பு. நானும் அவளும் ஓரவத்திங்க. என் மாமியா செத்தப்ப ஒரு பெரிய தேக்சாவ உட்டுட்டுப் போனா. அம்பது பேருக்கு சோறு ஆக்கலாம் அதுல, அவ்ளோ பெரிய செம்பு ஏனம். மூணு வருசத்துக்கு முன்னால பக்ரீதுக்கு அதுல சால்னா வெச்சோம். நான் எறங்கி கெணத்துக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள ஈரல் துண்டத்த முயுசா அவ தன் புருசன் தட்டுல போட்டுட்டா. என் ஊட்டுக்காரரு தட்டுல எலும்பும் கொழுப்பும். ஏண்டின்னு ஒரு வார்த்த கேட்டேன். அவ ஒண்ணு சொன்னா, நான் ஒம்பது சொன்னேன். புள்ள பெக்காதவளுக்கு எதுக்கு இத்தினி நாக்குன்னு கேட்டுட்டா.

ஆமா, எனக்கு இல்ல. பதினெட்டு வருசம் ஆவுது நிக்கா ஆயி. அத்த விடுங்க.

அன்னிக்கே நடுவுல கீத்துத் தட்டி அடிச்சி ரெண்டா பிரிச்சாச்சு. அவ பக்கம் அவ தனி அடுப்பு போட்டுக்கினா. தேக்சா என் பக்கம் வந்துச்சு, மூத்தவ நானு. மூணு வருசம் மூஞ்சி குடுத்துப் பேசல. அவ கொயம்புல புளி தூக்கலா போச்சுன்னா தட்டிக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெரியும், அவ இருமுனா தெரியும், அந்தக் கடுதாசிய எடுத்து வெச்சினு அயுதா தெரியும், ஆனா பேச்சு கெடயாது. சின்னது ஒண்டி தான், அந்த சல்மா, தட்டில ஒரு ஓட்டையப் பெருசாக்கி வெச்சிகினு கைய நீட்டும். நான் ஒரு ஆப்பத்த சுருட்டிக் குடுப்பேன். கை உள்ள பூடும். அவ பாத்தாளோ இல்லியோ, ஓட்டைய அடைக்கல.

எப்பயும் அந்நேரம் ஊட்டுல படுத்துருப்பேன், அன்னிக்கு யாவாரம் மந்தம், நெருப்பு புடிச்ச நேரத்துல நான் இன்னும் லஸ்ஸுல கூடைய வெச்சினு வித்துக்கினு கீறேன். பொகையப் பாத்துட்டு கூடைய அப்டியே போட்டுட்டு ஓடியாறேன். எங்க ஊடு நின்ன எடத்துல நெருப்பு, உள்ள ஒண்ணும் தெரில. கால்வாக் கரைல ரெண்டு பொண்ணுங்களும் நிக்கிதுங்க. பக்கத்துல கமரு, முந்தான பாதி எரிஞ்சி, கையெல்லாம் கொப்புளமா, அந்தத் தேக்சாவக் கட்டிக்கினு குந்தினு கீறா. அவளோட தகரப் பொட்டிய எடுக்கல. புருசன் கடுதாசி, ரெண்டு வெள்ளிக் கொலுசு, எல்லாம் அதுல. எல்லாம் உள்ளயே எரிஞ்சி பூட்டுச்சு. என் தேக்சாவ எடுத்துக்கினு வந்துகீறா.

நான் கேட்டேன், உனக்கு இன்னா பைத்தியமாடி, உன் பொட்டிய உட்டுட்டு இத்த எதுக்குத் தூக்கியாந்தேன்னு. அவ சொல்றா, ஏனத்துக்காக இல்லக்கா, நீ உள்ள படுத்துகினு கீறியோன்னு தட்டியப் பிச்சிக்கினு வந்தேன். பொகைல கண்ணு தெரில. தடவுனேன், நீ இல்ல, இது தான் கைக்கு ஆப்ட்டுச்சு.

மூணு வருசத்துக்கு அப்பால அது தான் முத வார்த்த ஐயரே.

நீங்க அந்தப் பக்கம் பாக்கறீங்க, அஞ்சு மணி ஆவல. நியல் இன்னும் கேட்டு வரைக்கும் வர்ல. இன்னும் கொஞ்சம் தான்.

மறா நாளு காத்தால, அந்த ஓவர்சீரு வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாலன்னு வையுங்க. மசூதிலேந்து நொய்யரிசி குடுத்தாங்க. கஞ்சி காச்சலாம்னு எறங்குனோம். அவ எப்பயும் போல தன் அடுப்பாண்ட போயி சாம்பலத் தள்றா. மூணு வருசப் பயக்கம். எனக்கு வந்துச்சு பாருங்க, கோவமா அயுகையான்னு தெரில, நேரா போயி அவ அடுப்ப கால வெச்சி ஒரு ஒத உட்டேன். ஒரே ஒதைல உயுவல. மூணு ஒத. மண்ணு பேந்து உயுந்துச்சு. இனிமே உனக்கு எதுக்குடி தனி அடுப்பு, ஒரே ஏனத்துல காச்சிக் குடிக்கலாம் வான்னேன். அவ அயுவுறா, சிரிக்கிறா. பாத்திமா வந்து மீதி மண்ண அதுவும் ஒதைக்குது, வெளையாட்டா.

எங்க சனத்துல பிரிஞ்சவங்க சேந்தாங்கன்னா அப்டித் தான். ஒருத்தரு அடுப்ப ஒடச்சிருவாங்க, திரும்பப் பிரிய மனசு வரக் கூடாதுன்னு. நான் ஒண்ணும் புச்சா பண்ணல. உங்க ஆபீசு அடுப்ப எண்ணும்னு எனக்கு சொப்பனமா வந்துச்சு?

ஆமா, நான் தான். நான் தான் ஒடச்சேன்னு சொல்றேன்ல. இத்தச் சொல்லத் தான் இவ்ளோ நேரம்னு நெனக்கிறீங்களா? இல்ல. கேளுங்க.

ஒரே தேக்சாவுல கஞ்சி கொதிக்கிது, அஞ்சு பேரு சுத்திக் குந்தினு கீறோம், அப்ப வர்றாரு ஓவர்சீரு. என் அடுப்பத் தட்டுனாரு. யாருதுன்னாரு. என் ஊட்டுக்காரரு நம்மளுதுங்கன்னாரு. பதினாலு போட்டான். அடுத்தது அக்பர் பாஷாவுது, பதினஞ்சு போட்டான். கமரு எழுந்திரிச்சி, எனக்கு நம்பர் போடலீங்களேன்னா. உன் அடுப்பு எங்கன்னாரு. அந்த மண்ணுக் குப்பையக் காட்டுனா. இது அடுப்பா? ஒண்ணா தான ஆக்கித் துன்னுறீங்க, புருசனும் இல்ல, உனக்கு எதுக்குத் தனியாங்கறாரு. நான் எழுந்திரிச்சி கத்துறேன், இப்ப தாங்க ஒடச்சேன், நான் தான் ஒடச்சேன்னு. அவரு சிரிக்கிறாரு. எல்லாரும் இதே கத தான் சொல்றீங்கன்னு பிரம்ப ஆட்டிக்கினு பூட்டாரு. அங்க கோடில அந்த வேலு செத்த மாமியாளுக்கு அடுப்பு பூசிக்கினு கீறான். அத்த நம்புனாரு ஐயரே. அந்த ஈர மண்ண நம்புனாரு, என் வாய நம்பல.

நான் உங்க ஆபீசுக்கு நாலு நாள் நடந்தேன். வராண்டால குந்த வெச்சாங்க. டவாலி போட்டவன் நாளைக்குன்னான், நாளைக்குப் போனா எயுத்து மூலமா கேளுன்னான், எயுதிக்கினு போனா அடுப்பு இல்லாதவங்களுக்கு ரூல் இல்லன்னான்.

அதுக்குள்ள சேரில பேச்சு கெளம்பிட்டுச்சு. ஓவர்சீரு முத நாளு எதுல வந்தாரு? என் ஊட்டுக்காரரு ஜட்காவுல. வெள்ளிக்கியம சாயங்காலமே அவரு வண்டில தான் வந்து சுத்திப் பாத்துட்டுப் போனாரு. அப்பவே அடுப்ப எண்ணப் போற சமாசாரம் கலீமுல்லாவுக்குத் தெரிஞ்சிருக்கும், ஊட்டுல சொல்லிருப்பான், அத்தொட்டுத் தான் ஜைதூன் பீ நல்லவளாட்டம் கட்டிப் புடிச்சி அவ அடுப்ப ஒதச்சாள்னு. கெட்டிக்காரின்றாங்க என்ன. ஒருத்தி என் மூஞ்சிக்கு நேரா சொல்றா, பலே ஆளுடி நீயின்னு, மெச்சிக்கறாப்ல. அவ மூஞ்சில காறித் துப்பணும் போல இருந்துச்சு.

கமரு காதுக்கும் அது போச்சு. புதங்கியம ரெண்டு பொண்ணுங்களையும் இட்டுக்கினு பூட்டா. மாம்பலத்துல ஏரியத் தூத்து புச்சு புச்சா பங்களா கட்றாங்க இல்ல, அங்க சித்தாளா கல்லு தூக்கறா. கொப்புளம் ஆறாத கை. ராவும் பகலும் செங்கல் அடுக்குக்கு நடுவுல தான், மேல ஒரு கோணி. நேத்து அங்க தான் போனேன், தேக்சாவத் தூக்கினு. அம்மாம் தூரம் தலைல வெச்சினு நடந்தேன். கீய எறக்கி, வாடி ஊட்டுக்குன்னேன். அவ என்ன ஏறெடுத்துப் பாக்கல. கூடையத் தலைல வெச்சினே, அக்கா, உங்க ஊட்டுக்காரரு வண்டில தான அந்தாளு வந்தாருன்னு கேட்டா. அவ்ளோ தான் கேட்டா. சல்மா ஓடியாந்து என் கால்ல கட்டிக்கிச்சு, பாத்திமா வந்து இயுத்துக்கினு பூட்டா.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். தேக்சாவத் தூக்கிக்கினு திரும்பி வர்றேன், வயி முயுக்க அவளத் திட்டிக்கினே வர்றேன். நன்றி கெட்டவ, என்னப் போயி இப்டி நெனச்சிட்டாளேன்னு. ஊட்டுக்காரரு அங்க குதிரைக்குத் தேய்ச்சிக்கினு கீறாரு. அவரு கிட்ட அயுதேன். பாத்தீங்களா உங்க தம்பி பொண்டாட்டிய, நாம தெரிஞ்சே பண்ணோம்ன்றா, நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க, எங்களுக்குத் தெரியாதுன்னு அல்லா மேல ஆணையா சொல்லுங்கன்னேன்.

மனுசன் குதிரயத் தேய்க்கறத நிறுத்தல ஐயரே. ஆணையெல்லாம் வேணாம், எனக்குத் தெரியும்னாரு. வெள்ளிக்கியமையே வண்டில வர்றப்ப ஓவர்சீரு சொன்னாராம். காத்தால நான் அவ அடுப்ப ஒதைக்கறப்ப இவரு பக்கத்துல நின்னு பல்லு தேய்ச்சிக்கினு கீறாரு. மூணு ஒத ஒதச்சேன்னு சொன்னேன் பாருங்க, மூணையும் பாத்துக்கினே நின்னுகீறாரு. ஏன் சொல்லலன்னேன். சொல்லலாமுன்னு தான் வாயத் தெறந்தேன், அப்பால குதிர கட்ட எடம் வேணுமேன்னு உட்டுட்டேன்னாரு. வரிசையா நம்பர் போட்டு எடம் குடுத்தா குதிரைக்கு எடம் எங்க கீதுன்றாரு. அவளுக்கு நம்பர் இல்லேன்னா பக்கத்து எடம் காலியா நிக்குமாம். அவளுக்கென்ன, எங்கன்னா பொயச்சிக்குவான்னாரு. இத்தச் சொல்லிட்டு குதிர வாயில வெல்லம் வெக்கிறாரு.

தூ. பதினெட்டு வருசம் அந்தக் கைக்கு சோறு போட்டேன்.

சரி. அஞ்சு ஆவப் போவுது. இப்ப எயுதுங்க. தண்டோராவுல சொன்னாப்ல கைநாட்டுக்கு முன்னால தப்பச் சொல்றேன். பதினாலாம் நம்பர்ல பேரு தப்பு. கலீமுல்லாவ அடிச்சிருங்க. வலியுல்லா பொண்டாட்டி கமர் ஜஹான்னு எயுதுங்க, அவளுக்காக நான் கைநாட்டு வெக்கிறேன். நம்பர் போட்ட அந்த அடுப்பு அவளுது. ஒடஞ்சது என்னுது.

முன்ன வேற சொன்னேனா? வாய் தவறி வந்துருக்கும். உங்க ஓவர்சீரு தான் சொன்னாரே, சனங்க வாயி பொய் சொல்லும், அடுப்பு தான் சாட்சின்னு. போயி அடுப்பக் கேளுங்க, அது யாருதுன்னு சொல்லுதான்னு பாருங்க. செத்தவளுக்கு எயுதின பொஸ்தகம் தான இது, உசுரோட கீறவளுக்கு எயுதுனா கியிஞ்சா பூடும்?

கேப்பாரு ஊட்டுக்காரரு. கேக்கட்டும். குதிரையோட வந்து கேக்கட்டும், பொஸ்தகத்தக் காட்டுங்க.

நானா? நான் எங்க போவேன்னு கேக்கறீங்க. உங்க கணக்குக்கு அடுப்பு இல்லாதவ அந்த மேட்டுல இருக்கவே இல்ல, அப்பறம் எங்கன்னா போனா உங்களுக்கு இன்னா? இந்த மூங்கிய அங்க கொண்டு போயி, மாம்பலத்துக்குப் போயி அவளயும் புள்ளைங்களையும் இட்டாந்து உடணும். குடிசயப் போட்டு அவ அடுப்பப் பத்த வெக்கட்டும். தேக்சாவ அவ வாசல்ல வெப்பேன். உள்ள வாக்கான்னு சொன்னா போவேன், சொல்லலேன்னா நான் ஆப்பக் கூடையத் தூக்கினு போயிக்கினே கீறேன்.

எயுதிட்டீங்களா? படிங்க ஒரு வாட்டி. கமர் ஜஹான். ஆமா.

இப்பத் தெறங்க அந்த மைப் பொட்டிய.